இருவாச்சி விதைக்கும் காடு

கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் ஆனைமலைச் சரணாலயம், 2007-ம் ஆண்டில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு, மலை உச்சிப் புல்வெளியில் வரையாடு எனப் பல உயிரினங்கள் வாழும் இந்தக் காட்டில், கூலி வாங்காமல் மரம் வளர்க்கிறது ஒரு பறவை. அதுதான் இருவாச்சி.

அத்தி, ஆல் போன்ற மரங்களின் பழங்களை விழுங்கும் இருவாச்சி, விதைகளைத் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். தாய் மரத்தடியிலேயே விழும் விதையைவிட, தள்ளி விழும் விதைக்கு வெளிச்சமும் இடமும் அதிகம் கிடைக்கும். இப்படி வளரும் காடுதான் மழைநீரைப் பிடித்துவைத்து, ஓடைகள் வழியாக ஆழியாறு போன்ற அணைகளுக்கு அனுப்புகிறது. பொள்ளாச்சிப் பகுதி வயல்கள் அந்தத் தண்ணீரில் விளைகின்றன.

இதன் குடும்ப வாழ்க்கை விசித்திரமானது. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் நுழைந்து, எச்சத்தையும் பழக்கூழையும் கொண்டு வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு சின்ன இடுக்கு மட்டும் இருக்கும். அதன் வழியே ஆண் பறவை மாதக்கணக்கில் இரை ஊட்டும். ஆண் பறவையை யாராவது கொன்றுவிட்டால், உள்ளே இருக்கும் குஞ்சும் பிழைப்பது கடினம். பொந்துள்ள முதிய மரத்தை வெட்டிவிட்டால், அடுத்த ஆண்டு கூடு வைக்க இடமில்லை.

ஆவடியை அடுத்த வெள்ளானூர் பக்கம் இருவாச்சி இல்லை. ஆனால், கூலி வாங்காத வேலையாட்கள் இங்கேயும் உண்டு. இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான், அந்துப்பூச்சிகளையும் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இரவில் ஆந்தை, எலிகளைப் பிடிக்கும். இவற்றை வயலுக்கு அழைக்கப் பெரிய செலவு ஆகாது.

• நெல் வயலில் ஏக்கருக்குச் சுமார் 20 இடங்களில், ‘டி’ வடிவக் குச்சிகளைப் பயிரைவிட உயரமாக நடலாம். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் போதும்.

• கதிர் பால் பிடிக்கும் முன் அவற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் தானியம் தின்னும் பறவைகள் வந்து உட்காரும்.

• பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டாதவரை பூச்சிக்கொல்லி தேவையில்லை. விஷம் ஏறிய பூச்சியைத் தின்னும் பறவைக்கும் ஆபத்துதான்.

• கிணற்றடியிலும் ஏரிக்கரையிலும் நிற்கும் பொந்து மரங்களை விறகுக்கு வெட்ட வேண்டாம். ஆந்தை குடியிருக்கும் வீடு அது.

மனை பிரிக்கும்போது முதலில் போவது இந்த மரங்கள்தான். அவை போனால் ஆந்தையும் போய்விடும். பிறகு எலிக்கு மருந்து வாங்கும் செலவு விவசாயியின் தலையில்தான் விழும்.