பிரிக்கும் சுவரும் பேதுருவின் பந்தியும்



நம் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, உசிலம்பட்டியிலிருந்து எழுமலைப் பக்கம் திரும்பினால் உத்தப்புரம் என்னும் சிற்றூர் வரும். 1989-இல் நடந்த சாதி மோதலுக்குப் பின், தலித் மக்களின் குடியிருப்பைப் பிரித்து அங்கே நீண்ட சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அது அப்படியே நின்றது. 2008 மே 6-ஆம் நாள் அரசு நிர்வாகம் அதன் ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்துவிட்டது. 2011 நவம்பரில் தலித் மக்கள் ஊர்க் கோவிலுக்குள் சென்று வழிபட்டார்கள்.

'அது பிற சமயத்தாரின் ஊர்ச் சிக்கல்' என்று நாம் ஒதுங்கிவிட முடியுமா? அதே 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் கத்தோலிக்கரிடையே மோதல் வெடித்தது. தலித் கத்தோலிக்கர் தங்களுக்கெனத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். இரு தரப்பினரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே அப்பத்தில் பங்கு கொண்டவர்கள்.

மனிதரை அறியும் முன்பே அவர் பிறப்பை வைத்து மதிப்பிடுவது முற்சார்பு எண்ணம். அந்த எண்ணம் செயலாக மாறும்போது பாகுபாடு பிறக்கிறது. முதலில் சுவர் எழுவது உள்ளத்தில், பிறகுதான் தெருவில்.

விவிலியம் இதை நன்கு அறியும். எருசலேம் கோவிலில் பிற இனத்தார் ஓர் எல்லைக்கு மேல் செல்லத் தடை இருந்தது. மீறினால் சாவு என்று கல்லில் பொறித்திருந்தார்கள். அத்தகைய கல் ஒன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. யூதரையும் பிற இனத்தாரையும் பிரித்து நின்ற சுவரைக் கிறிஸ்து தம் உடலால் தகர்த்தார் என்று எபேசியர் திருமுகம் (2:14) கற்பிக்கிறது.

ஆனால் தகர்ந்த சுவரை மீண்டும் கட்ட முடியும். கலாத்தியர் திருமுகத்தில் (2:11-14) பவுல் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அந்தியோக்கியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல விலகிக்கொண்டார். பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஆயினும் பவுல் அதை நற்செய்தியின் உண்மைக்கு மாறான நடத்தை என்று எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். ஆகவே யாரோடு உண்பது என்பது வெறும் ஊர் வழக்கம் அல்ல. அது விசுவாசம் சார்ந்த கேள்வி.

இனம், நிறம், சமூக நிலை ஆகியவற்றின் பெயரால் வரும் எல்லாப் பாகுபாடும் இறைத்திட்டத்திற்கு எதிரானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தலித் மக்கள் ஒருபோதும் பிரித்து வைக்கப்படலாகாது என வலியுறுத்தினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

போதனைக்குக் குறைவில்லை. குறை நம்மிடம்தான். திருப்பலியில் கைகூப்பிச் சமாதானம் சொன்னவர்கள், கல்லறைத் தோட்டத்தில் தனித்தனிப் பக்கமாகப் பிரிவதைப் பார்த்திருக்கிறோம். திருவிழா கெட்டுவிடக் கூடாதே, ஊரில் சண்டை வந்துவிடக் கூடாதே என்று குருக்களாகிய நாமும் வாய்மூடி இருந்திருக்கிறோம். பேதுருவின் அச்சம் நமக்குப் புதிதல்ல.

ஆகவே நம்மையே கேட்டுக்கொள்வோம். திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குள் போவதில்லை? வரி வாங்காமல் யாரைத் தள்ளி வைக்கிறோம்? பங்குப் பேரவையில் யாருக்கு இடமில்லை? வீட்டுக்கு வந்தவருக்குத் தனி டம்ளர் எடுக்கிறோமா? பிள்ளைகள் கேட்கும்படி யாரை இழிவாகப் பேசுகிறோம்?

உத்தப்புரத்தின் சுவரை இடிக்க அரசு வந்தது. நம் உள்ளத்தின் சுவரை இடிக்க எந்த அதிகாரியும் வரமாட்டார். பவுல் கண்டித்த பின்பும் பேதுரு திருச்சபையின் பாறையாகவே இருந்தார். நமக்கும் மனமாற்றத்தின் வாசல் திறந்தே இருக்கிறது. வரும் ஞாயிறு நற்கருணை வாங்கும் முன், நாம் தள்ளி வைத்த ஒருவரின் முகத்தை நினைப்போம். அவரிடமிருந்து தொடங்குவோம்.