டெலீட் ஆகாத மல்லி!

மைனஸ் ஒண்ணு... இந்தத் துக்கடா சமாசாரம் என் வாழ்க்கையில விளையாடின விளையாட்டை முதல்ல சொல்லிடறேன் பாஸ். அப்புறம் மேட்டருக்கு வரலாம்.

மதுரைக்கு வெளியே, கண்மாய்க் கரையைப் பார்த்த மாதிரி ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். பேரெல்லாம் வேண்டாம், மார்க் போடறவங்களும் இதைப் படிப்பாங்க! எங்களுக்கு முந்தின பேட்ச்ல ஒரு சீனியர் அக்காவோட டீம், திருமங்கலம் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்துல குட்டி சென்ஸார் பெட்டி நட்டு வெச்சிருந்தாங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெயிலையும் காத்துல இருக்கிற ஈரத்தையும் அளந்து, துளியூண்டு டெக்ஸ்ட் ஃபைலா எழுதி வைக்கும். ஒரு நாளைக்கு 144 ஃபைல். ஜூலை ஒண்ணாம் தேதி தொடங்கி ஜனவரி முடிய 215 நாள். பெருக்கிப் பாருங்க... 30,960 ஃபைல்!

எதுக்கு இந்த வேலைனு கேட்கறீங்களா? மதுரை மல்லிக்கு 2013-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. உலகத்துக்கே தெரிஞ்ச பூ. ஆனா, மார்கழிப் பனி விழ ஆரம்பிச்சா மொட்டு வரத்து படுத்துடும், விலை எகிறிடும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல பொங்கலுக்கு முந்தின நாள் போய் நின்னு பாருங்க, தங்கம் விலை கேட்கிற மாதிரி இருக்கும்! எந்த அளவு குளிர்ல மொட்டு சுருங்குதுனு கண்டுபிடிக்கிறதுதான் ப்ராஜெக்ட். அக்கா பாஸ் அவுட் ஆகிப் போகும்போது, எல்லாத்தையும் ஒரே டார்-ஜிஜிப் மூட்டையாக் கட்டி எங்க கையில கொடுத்துட்டுப் போனாங்க.

லேப்ல எனக்குக் கிடைச்சது ஒரு கிழட்டு சிஸ்டம். மூட்டையை அவிழ்த்தேன். டிஸ்க் நிரம்பிடுச்சுனு அழுதது. 'அவிழ்த்தாச்சே, இனி மூட்டை எதுக்கு?'னு மூட்டையைத் தூக்கிட்டேன். முதல் தப்பு!

சென்ஸார் மக்கர் பண்ணின நேரத்துல எல்லாம் அளவுக்குப் பதிலா -1னு விழுந்திருந்தது. அந்த வரிகளை மட்டும் அழிக்கலாம்னு 'செட்' கமாண்டை எடுத்து, ஒரிஜினல் ஃபைல்லயே மாத்தற ஆப்ஷனோட, '-1 இருக்கிற வரியெல்லாம் காலி'னு ஒரு தட்டு தட்டினேன். ரெண்டாவது தப்பு!

தேதி எப்படி எழுதுவோம்? வருஷம், கோடு, மாசம், கோடு, நாள். அக்டோபர்னா கோடு பத்து. அதாவது -10. அதுக்குள்ள -1 இருக்கா? இருக்கு! நவம்பர், டிசம்பரும் அப்படியே. மத்த மாசங்கள்ல பத்தாம் தேதியில இருந்து பத்தொன்பது வரைக்கும் அதே கதை. மூணு மாசம் முழுசாவும், மீதி நாலு மாசத்துல பத்துப் பத்து நாளும் கண் முன்னாடியே காலி. ஃபைல் இருக்கு... உள்ளே ஒண்ணும் இல்ல.

அக்காவுக்கு போன் போட்டேன். திட்டுவாங்கனு பார்த்தா, சிரிச்சாங்க. அதான் இன்னும் வலிச்சுது! ஊர்ல இருந்த அவங்க பழைய ஹார்டு டிஸ்க்கை அவங்க தம்பி பஸ் ஏறி வந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுல கொடுத்துட்டுப் போனான். டிசம்பர் வரைக்கும் எல்லாம் அதுல இருந்தது. ஜனவரி மட்டும் இல்ல. ஆக, ஜனவரி 10-லிருந்து 19 வரைக்கும் 1,440 ஃபைல் திரும்ப வராது. எந்தப் பத்து நாள் தெரியுதா? பொங்கல்! எதுக்காக இந்தப் ப்ராஜெக்ட்டோ, அந்தப் பத்து நாள்.

லேப் அண்ணன் ஒருத்தர் டீ குடிச்சுக்கிட்டே கேட்டார். "ஏன்டா தம்பி... பார்க்கிறதுக்கு எதுக்குடா மூட்டையை அவுக்குறே?"

"அவுக்காம எப்படிண்ணே பார்க்கிறது?"

"மவுன்ட் பண்ணிப் பாருடா!"

அன்னிக்குத்தான் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்' எனக்கு அறிமுகம்.

டார்ங்கிறது 1970-கள்ல யூனிக்ஸ் காலத்துல வந்தது. 'டேப் ஆர்கைவ்'ங்கிறதோட சுருக்கம். பேருக்கு ஏத்த மாதிரி டேப்தான். நம்ம அப்பா வெச்சிருந்த பாட்டு கேசட்டை நினைச்சுக்கங்க. நாலாவது பாட்டு வேணும்னா மூணு பாட்டை ஓட்டித்தான் ஆகணும். அதுக்கு மேல ஜிஜிப் போட்டு மொத்தமா அமுக்கிட்டா, கடைசி ஃபைலை எடுக்க முதல்ல இருந்து எல்லாத்தையும் பிரிச்சுக்கிட்டே போகணும். ஜிப் கொஞ்சம் தேவலை. எந்த ஃபைல் எங்கே இருக்குனு கடைசியில ஒரு பட்டியல் வெச்சிருக்கும், நேரா அங்கே போகலாம். ஆனா, ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனியா அமுக்கும். என் சென்ஸார் ஃபைல் மாதிரி ஒண்ணுபோல இருக்கிற பொடிசுகள் முப்பதாயிரம்னா, பக்கத்து வீட்டு ஒற்றுமையை அது பயன்படுத்திக்கவே தெரியாது.

ஸ்குவாஷ்எஃப்எஸ் மூட்டையே இல்ல. அது ஒரு ஃபைல் சிஸ்டம். பிலிப் லாகர்ங்கிறவர் 2002-ல எழுதி வெளியிட்டார். 2009-ல லினக்ஸ் 2.6.29 கெர்னல்லயே சேர்ந்துடுச்சு. டேட்டாவை வழக்கமா 128 கேபி துண்டுகளா அமுக்கும். வேணும்னா ஒரு எம்பி வரைக்கும் துண்டைப் பெருசாக்கலாம். பொடி ஃபைல்களை ஒரே துண்டுக்குள்ள சேர்த்துத் திணிச்சுடும். ஒரே மாதிரி ரெண்டு ஃபைல் இருந்தா, ஒண்ணைத்தான் வெக்கும். நீங்க ஒரு ஃபைலைத் திறந்தா அந்த ஃபைல் இருக்கிற துண்டை மட்டும் பிரிச்சுக் கொடுக்கும், மத்தது தூங்கிக்கிட்டு இருக்கும். முக்கியமான விஷயம், எழுத முடியாது. படிக்க மட்டும்தான். என்னை மாதிரி ஆசாமி 'செட்' கமாண்டோட வந்தா, 'போடா'னு வாசல்லயே விரட்டிடும்!

'எனக்கெதுக்கு பாஸ் இதெல்லாம்?'னு சலிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரியாமலே இது உங்க வீட்டுக்கு வந்து போயிருக்கும். லைவ் சிடி போட்டு உபுண்டுவை ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? இன்ஸ்டால் பண்ணாமலே முழு சிஸ்டமும் ஓடுமே... அந்த சிஸ்டமே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள்ளதான் மடங்கி இருக்கும். 2011-ல தமிழ்நாட்டுல இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பிச்சப்போ விண்டோஸோட கூடவே பாஸ் லினக்ஸும் வந்ததே, ஞாபகம் இருக்கா? சி-டாக் உருவாக்கின அந்த பாஸுக்கு அடிப்படை டெபியன். அந்த டெபியனோட லைவ் டிஸ்க்கைத் திறந்து 'லைவ்'ங்கிற ஃபோல்டரைப் பாருங்க. உள்ளே இருக்கிற பெரிய ஃபைல் நம்மாளுதான். வீட்டுக்கு வீடு இருக்கிற இன்டர்நெட் ரௌட்டர் பலதுலயும் இவர்தான் குடியிருக்கார்.

சரி, டார் மூட்டையை எப்படி இதா மாத்தறது? பழைய வழி, மூட்டையை முழுசா அவிழ்த்து, அந்த ஃபோல்டரை 'எம்கே-ஸ்குவாஷ்எஃப்எஸ்' கமாண்டுக்குக் கொடுக்கிறது. டிஸ்க்ல அவ்வளவு இடம் வேணும். என் கதை தெரியுமே! 2021-ல வந்த 4.5 வெர்ஷன்ல ஒரு புதுக் கமாண்டு சேர்த்தாங்க. எஸ், க்யூ, எஃப், எஸ், டி, ஏ, ஆர்... எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி இல்லாம. நான் 'எஸ்க்யூ டார்'னு செல்லமா கூப்பிடுவேன். அது ஓடி வர்ற டார் டேட்டாவை அப்படியே வாங்கி, நேரா ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸா மாத்திடும். நடுவுல ஒரு ஃபைல்கூட டிஸ்க்ல இறங்காது.

டெபியன், உபுண்டுல 'ஸ்குவாஷ்எஃப்எஸ்-டூல்ஸ்'ங்கிற பேக்கேஜைப் போட்டுக்கங்க. முதல்ல மூட்டை நல்லா இருக்கானு பார்க்கணும். ஜிஜிப் கமாண்டு, மைனஸ் டி, ஃபைல் பேர். ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்தா மூட்டை ஓகே. (இதைத் தாண்டிப் போகாதீங்க. பாதியில அறுந்த மூட்டையோட பைப் போட்டுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.) அடுத்து ஒரே வரி. 'இஸட்கேட்', மூட்டைப் பேர், நட்டக்குத்தலா ஒரு கோடு, எஸ்க்யூ டார், புது ஃபைலுக்கு ஒரு பேர். என்டர்! அந்த நட்டக்குத்தல் கோடுதான் பைப். ஒரு பக்கம் பிரிச்சு ஊத்தும், அந்தப் பக்கம் பிடிச்சு அமுக்கும். ஜிகர்தண்டா கடையில டம்ளர் மாத்தி ஊத்தற மாதிரி.

ஜிப்பா இருந்தா? எஸ்க்யூ டாருக்கு ஜிப் புரியாது. 'பிஎஸ்டி-டார்'ங்கிற இன்னொரு கமாண்டு இருக்கு. ஜிப் ஃபைல் பேருக்கு முன்னாடி ஒரு @ குறி போட்டுக் கொடுத்தா, ஜிப்பைப் படிச்சு டாரா ஊத்தும். அதை பைப்ல பிடிச்சுக்கலாம். ஒரு எச்சரிக்கை. பழைய விண்டோஸ்ல தமிழ்ப் பேர் வெச்சுக் கட்டின ஜிப்னா, ஃபைல் பேர் எல்லாம் ஜிலேபி எழுத்தா மாறி வரலாம். முதல்ல பட்டியலைப் பார்த்துடுங்க.

எப்படி அமுக்கணும்னும் சொல்லலாம். சும்மா விட்டா ஜிஜிப் முறை. எக்ஸ்இஸட் போட்டா நல்லா சுருங்கும், ஆனா நேரம் எடுக்கும், திறக்கும்போதும் மெதுவு. இஸட்-எஸ்டிடி சுருக்கவும் செய்யும், திறக்கிறதும் வேகம். ஆனா, 2017-க்கு முந்தின கெர்னல் ஓடற கிழட்டு சிஸ்டம் இதைத் திறக்காது. எங்க லேப் நிலைமை தெரிஞ்சதால நான் ஜிஜிப்போடயே நின்னுட்டேன். போட்டோ, சினிமா எல்லாம் ஏற்கெனவே அமுக்கினது. அதை எதுல போட்டாலும் பெருசா சுருங்காது, ஏமாந்துடாதீங்க.

பார்க்கிறதுக்கு, காலியா ஒரு ஃபோல்டர், அப்புறம் 'மவுன்ட்' கமாண்டு, லூப் ஆப்ஷன். சாதா ஃபோல்டர் மாதிரியே உள்ளே நடமாடலாம். லேப்ல அட்மின் பாஸ்வேர்டு தர மாட்டாங்களே? 'ஸ்குவாஷ்ஃப்யூஸ்' இன்ஸ்டால் பண்ணித் தரச் சொல்லுங்க, அப்புறம் பாஸ்வேர்டு தேவையில்ல. விண்டோஸ் ஆசாமிகள் செவன்-ஜிப்ல திறந்து எடுத்துக்கலாம்.

பென் டிரைவ்லயும் லாபம் இருக்கு. பல பென் டிரைவ் இன்னும் ஃபேட்32 முறையிலதான் இருக்கு. அதுல ஒரு க்ளஸ்டர் 32 கேபினு வெச்சுக்குவோம். ஒரு கேபி ஃபைலும் 32 கேபி இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்துக்கும். என் 30,960 ஃபைல், உள்ளே இருக்கிறது சுமார் 30 எம்பி... பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட ஒரு ஜிபி! காப்பி ஆகறதுக்குள்ள டவுன்ஹால் ரோடு போயிட்டு வந்துடலாம். ஒரே இமேஜா இருந்தா சட்டுனு முடியும். ஆனா, ஃபேட்32-ல ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டக் கூடாது. பெரிய இமேஜ்னா டிரைவை வேற முறையில ஃபார்மேட் பண்ணணும்.

பழைய 'எம்கே' கமாண்டைப் பயன்படுத்தறவங்களுக்கு ஒரு குழி. அதே பேர்ல இமேஜ் ஏற்கெனவே இருந்தா, அது அழிச்சு எழுதாது, அதோட ஒட்டும். ரெண்டு தடவை ஓட்டினா ரெண்டு செட் உள்ளே இருக்கும். 'நோ-அப்பெண்ட்' ஆப்ஷன் போட மறக்காதீங்க.

பழகிப் பார்க்க நல்ல சரக்கு வேணுமா? 1998 பொங்கல் அன்னிக்கு, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம் ஐயா 'மதுரைத் திட்டம்' ஆரம்பிச்சார். சங்கம் வளர்த்த ஊர்ங்கிறதால நம்ம ஊர்ப் பேர். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாம டைப் அடிச்சு, பிழை திருத்தி, நூற்றுக்கணக்கான தமிழ் நூல்களை இலவசமா நெட்ல ஏத்தி வெச்சிருக்காங்க. டிஸ்கி எழுத்துமுறையில போட்டதை அப்புறம் யூனிகோடுக்கும் மாத்தினாங்க. அந்த நூல்கள் எல்லாம் டெக்ஸ்ட்தான். அமுக்கினா அப்படி அமுங்கும்! எங்க ஹாஸ்டல்ல ஒரு பையன் வேண்டியதை இறக்கி ஒரே இமேஜா வெச்சிருக்கான். நெட் இல்லாத ராத்திரியில மவுன்ட் பண்ணி, 'கிரெப்' போட்டு ஒரு சொல்லைத் தேடறான். இதுவே டார் மூட்டைனா ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து பிரிச்சுக்கிட்டே இருக்கணும்.

ஒண்ணை ஒத்துக்கணும். உள்ளே இருக்கிற ஃபைலைத்தான் யாராலும் தொட முடியாது. வெளியில இருந்து இமேஜையே ஒருத்தன் டெலீட் பண்ணினா போச்சு. அதனால ரெண்டு காப்பி, ரெண்டு வேற வேற இடத்துல. கூடவே ஷா-256 தொகை எடுத்து ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். 64 எழுத்தைக் கையால எழுதறது இம்சைதான். ஆனா, நோட்டு கரப்ட் ஆகாது!

போன வாரம் ஜூனியர் பேட்ச்சுக்கு மல்லி டேட்டாவை இமேஜா கொடுத்தேன். அடுத்த நாளே ஒருத்தன் ஓடி வந்தான்.

"அண்ணே, சென்ஸார் தப்பை எல்லாம் அழிக்கலாம்னு பார்த்தேன். ரீட்-ஒன்லினு சொல்லுதுண்ணே. எப்படிண்ணே மாத்தறது?"

"மாத்த முடியாதுடா. வேணும்னா காப்பி எடுத்து அதுல அழி."

"அப்புறம்... ஜனவரி 10-லிருந்து ஃபைல் எல்லாம் காலியா இருக்கேண்ணே. பனியில சென்ஸார் செத்துருச்சா?"

டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போய்தான் சொன்னேன்.