விடுப்பு சலுகை அன்று, ஊதியத்தின் பகுதி

மூன்று நாள் காய்ச்சலில் படுத்தால் மூன்று நாள் சம்பளம் பிடித்தம். எதிர்த்துக் கேட்டால், 'பிடிக்கவில்லையென்றால் நின்றுகொள்' என்ற பதில். கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து சென்னை நகருக்குள் வீட்டுவேலைக்குச் செல்லும் பெண்களிடம் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுவே. அவர்களில் பலர் தலித் பெண்கள்.

வேலையை விட்டு விலகுவது அவர்களின் உரிமை. ஆனால் கோபத்தில் விலகும்போது நட்டம் அவர்களுக்கே. அம்மாதச் சம்பளம் நிலுவையில் நின்றுவிடும். அடுத்த வீடு கிடைக்கும்வரை வருமானம் இராது. எனவே, விலகுவதற்கு முன் சம்பளத்துடன் கூடிய விடுப்பைப் பேசிப் பெற முயல வேண்டும் என்கிறோம்.

இக்கோரிக்கை புதியதன்று. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தவர் அண்ணல் அம்பேத்கர். அக்காலத்தில் நிறைவேறிய 1945ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமே ஆலைத் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் விடுமுறை வழங்கியது. பின்வந்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் விடுப்பு என வகுத்தது. அந்த உரிமை வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007இல் அமைந்தது. எனினும் வாரியம் தருவது நலத்திட்ட உதவி. வீட்டுக்காரர் தர வேண்டிய விடுப்பை அது பெற்றுத் தருவதில்லை. வார ஓய்வையும் ஆண்டு விடுப்பையும் வலியுறுத்தும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் ஏற்கப்பட்டது. இந்தியா இன்னும் அதனை உறுதிசெய்யவில்லை. வீட்டுப் பணியாளருக்கான சட்டத்தைப் பற்றி ஆராயுமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. சட்டம் வரும்வரை பேச்சுவார்த்தையே கருவி.

எப்படிப் பேசுவது? முதலில் கணக்கு. மாதச் சம்பளம் 6,000 ரூபாய் எனில் ஒரு நாளுக்கு 200 ரூபாய். வார ஓய்வு நீங்கலாக ஆண்டுக்கு 12 நாள் விடுப்புக் கேட்டால், வீட்டுக்காரர் ஏற்பது 2,400 ரூபாய். அதாவது மாதத்துக்கு 200 ரூபாய். அவர் தம் அலுவலகத்தில் பெறும் விடுப்பைவிட இது பெரிதன்று.

அடுத்தது, காலம். உடல்நலம் குன்றிய நாளில் கேட்டால் அது கெஞ்சலாகிவிடும். சம்பள உயர்வு பேசும்போதே விடுப்பையும் பேச வேண்டும். ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலைசெய்யும் நான்கைந்து பேர் ஒரே கோரிக்கையை முன்வைத்தால், ஒருவரை மட்டும் நிறுத்திவிடுவது எளிதாகாது. ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாகவேனும் அனுப்பி வைக்க வேண்டும். வேலைக்குச் சென்ற நாள்களை நாள்காட்டியில் குறித்து வர வேண்டும்.

மறுத்தால்? அம்மாதச் சம்பளம் கைக்கு வந்தபின், வேறொரு வீட்டை உறுதிசெய்துகொண்டு விலகலாம். முன்பணத்தைக் காட்டி வலுக்கட்டாயமாக வேலைவாங்க எவருக்கும் உரிமையில்லை; கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்துவிட்டது. விடுப்புக் கேட்டதற்காகச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றமாகலாம். ஆனால் அந்த இழிவு பொதுமக்கள் பார்வையில் நிகழ்ந்திருக்க வேண்டும். வெளியார் எவருமின்றி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் நிகழ்வது அவ்வரையறைக்குள் வராது என 2020இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே நாள், நேரம், உடனிருந்தோர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைப்பது இன்றியமையாதது.

பழைய சேலையும் மிஞ்சிய சோறும் 'கொடை'யாகக் கிடைக்கும் வீடுகளில்தான் விடுப்பு மறுக்கப்படுகிறது. கொடுப்பவர் நினைத்தால் கொடை நின்றுவிடும். பேசி, எழுதிப் பெற்ற விடுப்பை அவ்வாறு நிறுத்த முடியாது. அந்தப் பன்னிரண்டு நாளை ஒரு வீடு ஒப்புக்கொள்ளும்போது, அங்கே உழைக்கும் பெண்ணைத் தொழிலாளி என்றும் அது ஒப்புக்கொள்கிறது.