குழந்தையின் ஃபைலில் தாயின் ரத்த அழுத்தம்

ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் ஒரு தாய் முழங்கால் வலி, சுகர், பி.பி. என்று எதற்காக மருத்துவரிடம் போனாலும் பெரும்பாலும் கிடைப்பது ஒரே அறிவுரைதான்: எடையைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரம் நடங்கள். மருத்துவ ரீதியில் அதில் பிழையில்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற எடையைத் தாண்டியிருக்கிறார்கள் என்று 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி மருத்துவரின் அறையில் எழுவதே இல்லை. இரவு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், இடையில் எத்தனை முறை எழுந்தீர்கள் என்றும் கேட்பாரில்லை. மனக் கட்டுப்பாடு இருந்தால் எடை குறையும், இல்லாதவருக்கு ஏறும் என்றே நாம் நம்பி வந்திருக்கிறோம். இத்தகைய வீடுகளுக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. இங்கே பெற்றோரின் உடம்பைத் தீர்மானிப்பவை தூக்கம், நேரம், வீட்டு வேலையின் பங்கீடு. ஆகவே பெற்றோரின் உடல்நலத்தைப் பிள்ளைக்கான சிகிச்சைத் திட்டத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டும், தாயின் தனிப் பொறுப்பாக அவர் தலையில் சுமத்தக் கூடாது என்பதே என் வாதம்.

தூக்கத்திலிருந்து தொடங்கலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு. படுத்தபின்பும் நெடுநேரம் விழித்திருப்பார்கள். நள்ளிரவு தாண்டி எழுந்து விளையாடத் தொடங்குவார்கள். கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார்களோ என்ற பயத்தில் பெற்றோரும் அரைத் தூக்கமாகவே கிடப்பார்கள். இது எடையை எப்படித் தொடுகிறது என்பதற்கு 2010இல் சிகாகோ பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஓர் ஆய்வு உதவும். எடை கூடிய 10 பேருக்குக் கலோரி குறைத்த உணவைக் கொடுத்து, 14 நாட்கள் இரவில் எட்டரை மணி நேரமும், வேறொரு 14 நாட்கள் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய 3 கிலோ இறங்கியது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது அதில் 1.4 கிலோ கொழுப்பு. தூக்கம் குறைந்தபோது கொழுப்பு 0.6 கிலோதான், மற்றபடி கரைந்தது தசை உள்ளிட்ட கொழுப்பற்ற எடை. பசியும் கூடியது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்று ஒருவர் சொல்லலாம். உண்மை. ஆனால் அதே ஆளை அதே ஆளோடு ஒப்பிட்ட ஆய்வு அது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் ஏறுவதையும், போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்குவதையும் அதே பல்கலைக்கழகம் 2004லேயே அளந்து காட்டியிருந்தது. இரவெல்லாம் விழித்த தாயிடம் சாதத்தைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி வைத்தியம்கூட ஆகாது.

அடுத்தது சாப்பாடு. இந்தப் பிள்ளைகளில் பலர் தேர்ந்தெடுத்த நாலைந்து பண்டங்களைத் தவிர வேறெதையும் தொட மாட்டார்கள். வெள்ளைச் சாதம், ஒரே கம்பெனி பிஸ்கட், மொறுமொறுவென்று இருக்கும் சிப்ஸ். இட்லியின் நிறம் சற்று மாறினாலே தட்டு நகர்த்தப்படும். பிள்ளைக்கொரு சமையல், வீட்டுக்கொரு சமையல் என்றாகி, மிஞ்சியதைத் தாய் நின்றபடியே வாயில் போட்டு முடிக்கிறார். அது ஒரு வேளைச் சாப்பாடாகவே அவர் கணக்கில் வருவதில்லை. பிள்ளையின் எடையும் இதில் சேர்ந்துகொள்கிறது. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் அளவுக்குக் கடும் எரிச்சல் உள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் எழுதும் ரிஸ்பெரிடோன் மருந்து பசியைக் கூட்டும். 2002இல் வெளியான, 101 பிள்ளைகள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், 8 வாரத்தில் அந்த மருந்தை எடுத்தவர்களுக்குச் சராசரியாக 2.7 கிலோ ஏறியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.8 கிலோ. மருந்து அவசியமான பிள்ளைக்கு அதைப் பெற்றோர் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் தாய்க்குத் தனி டயட், பிள்ளைக்குத் தனி டயட் என்று பிரிப்பதைவிட வீட்டுக்குள் வாங்கி வரும் பொருளை மாற்றுவது இருவருக்கும் நல்லது. புதிய உணவைத் தட்டின் ஓரத்தில் சிறிதளவு, வற்புறுத்தாமல், வாரக்கணக்கில் வைத்து வருவது பிள்ளைகளிடம் பலிக்கும் வழிகளில் ஒன்று.

மன அழுத்தத்தின் தடம் ரத்தத்திலும் எச்சிலிலும் தெரிகிறது. ஆட்டிசம் உள்ள இளைஞர்களின் தாய்மாரை விஸ்கான்சின் ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மற்றத் தாய்மாரைவிடக் குறைந்திருந்தது. நெடுங்காலம் அழுத்தத்தில் வாழ்பவர்களிடம் காணப்படும் நிலை இது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் அல்லது வேறு குறைபாடு உள்ள பிள்ளைகளின் தாய்மார் 243 பேர் பங்கேற்றார்கள். தொடக்கத்தில் அவர்களில் 85 சதவீதம் பேருக்குக் கடும் அழுத்தம், 48 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு. வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், ஆறு வாரம், பயிற்சி பெற்ற பிற தாய்மாரே வகுப்பு நடத்தினார்கள். பிள்ளைக்கென்று எதுவும் செய்யவில்லை. தாய்மாரின் அழுத்தமும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்களில் மூச்சுப் பயிற்சியும் தியானமும் கற்ற ஒரு குழுவினருக்குத் தூக்கமும் சீரானது. இதற்கு ஜிம் கட்டணமோ பெரிய மருத்துவமனையோ தேவைப்படவில்லை. நம் ஊரில் ஸ்பீச் தெரபி நடக்கும் நேரம் வெளி பெஞ்சில் காத்திருக்கும் தாய்மாரை வைத்தே இப்படி ஒரு வகுப்பைத் தொடங்கலாம்.

இங்கே ஒரு கடுமையான எதிர்ப்பு வரும். தாயின் நலம் பிள்ளையைப் பாதிக்கிறது என்றால், மறுபடியும் தாயைத்தானே குற்றவாளி ஆக்குகிறீர்கள்? இந்தக் கோபத்துக்கு வரலாற்றில் முழு நியாயம் இருக்கிறது. 1943இல் லியோ கேனர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தியபோது, அவர்களின் பெற்றோர் பலரிடம் பாசத்தின் வெதுவெதுப்பு குறைவு என்றும் குறித்தார். அந்தக் குறிப்பு வளர்ந்து, 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் எழுதிய நூலில் தாய்மார் மீதான குற்றப்பத்திரிகையாகவே ஆனது. எத்தனையோ பெண்கள் தம் பிள்ளையைத் தாமே கெடுத்ததாக நம்பிக் குமைந்தார்கள். அதற்கு முன்பே, 1964இல், ஆட்டிசம் உள்ள மகனின் தகப்பனும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட் இது மூளை சார்ந்தது என்று வாதிட்டிருந்தார். 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிடம் மட்டுமே இருவருக்கும் சேர்ந்து ஆட்டிசம் இருக்கக் கண்டார்கள். மரபின் பங்கு துலங்கியது. வளர்ப்பு ஆட்டிசத்தை உண்டாக்குவதில்லை. இதில் இன்று எந்தச் சந்தேகமும் கிடையாது. பிள்ளையைத் திட்டியதால் வந்தது, டிவி முன் விட்டதால் வந்தது என்று மருமகளிடம் சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

காரணம் பெற்றோர் இல்லை என்பதால், உதவியும் அவர்கள் வழியாக வராது என்று ஆகிவிடாது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடந்து, 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைத் தானும் பார்ப்பது, அவசரப்படாமல் காத்திருப்பது, பிள்ளையின் சிறு முயற்சிக்கும் பதில் கொடுப்பது. பெற்றோர் இப்படிப் பழகியபோது பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ளும் முயற்சிகள் கூடின. இந்தப் பொறுமை வேலைக்குத் தூங்கி எழுந்த உடம்பு வேண்டும். தெரபி மையத்தில் பிள்ளை இருப்பது முக்கால் மணி நேரம். மற்ற நேரமெல்லாம் வீட்டில். அந்த வீட்டின் முதன்மைப் பயிற்சியாளர் தலைசுற்றலோடு நின்றால் கட்டிய பணம் வீண்தானே. பிள்ளைக்குப் போக மிஞ்சினால்தான் தனக்கு என்று எண்ணும் பெற்றோருக்கு இதுவே என் பதில்.

எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள் என்பது இந்த வீடுகளில் ஓயாத கேள்வி. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பியவருக்குச் சட்டப் பாதுகாவலரை மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கலாம். அந்த ஏற்பாட்டை உரிய நேரத்தில் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் நாற்பது வயது மகனைக் குளிக்க வைக்கும் எழுபது வயதுத் தாய்க்கு முழங்காலும் இதயமும் ஒத்துழைக்க வேண்டும். அதற்கான முதலீடு முப்பது வயதிலேயே தொடங்குகிறது.

அப்படியானால் எவ்வளவு எடை குறைக்க வேண்டும்? தராசு முள்ளையே பார்த்து மனம் உடைய வேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கண்காணித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ பெரிதாக இறங்கவே இல்லை. நம் மண்ணின் இந்தச் சான்று மேலும் பரவலாகப் பேசப்பட வேண்டும். எடை அசையாவிட்டாலும் நடந்த நடை பலன் தருகிறது.

அந்த நடைக்கான நேரத்தைத் தகப்பன் கொடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகள் பிள்ளையோடு விழித்திருப்பதை அவர் தன் வேலையாக எடுத்துக்கொண்டாலே போதும், தாயின் தூக்கக் கணக்கு மாறிவிடும். கணவன் இல்லாத, வெளிநாட்டில் கணவன் இருக்கிற வீடுகளுக்கு இந்த வழி இல்லை. அங்கே அரசுதான் வர வேண்டும். மத்திய அரசுப் பெண் ஊழியருக்கு 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மாற்றுத்திறன் பிள்ளை என்றால் வயது வரம்பில்லை. 2024இல் உச்ச நீதிமன்றமும், அரசுப் பணியில் உள்ள இத்தகைய தாய்மாருக்கு இந்த விடுப்பை மறுக்கக் கூடாது என்ற நிலையை எடுத்தது. கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்க்கு இதில் ஒரு நாள்கூட இல்லை. பிள்ளையைச் சில நாட்கள் ஒப்படைத்துப் பெற்றோர் இளைப்பாறும் இல்லங்களுக்குச் சமர்த் என்ற பெயரில் தேசிய அறக்கட்டளையின் திட்டம் இருக்கிறது. அப்படியோர் இல்லம் ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சுகரும் பார்க்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டுக்கு முதலில் போங்கள், தாய் எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் கேட்டு எழுதுங்கள் என்று அவர்களுக்கு ஓர் உத்தரவு போட அதிகச் செலவாகாது. மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பிள்ளையின் மறுபரிசோதனைக்காக வரும் தாயின் கையில் பி.பி. பட்டையைக் கட்டிப் பார்த்து, அந்த எண்ணைப் பிள்ளையின் ஃபைலிலேயே குறித்துவைக்க இரண்டு நிமிடம் ஆகும். அதை இந்த மாதமே தொடங்கலாம்.