உட்கார முடியாத தவிப்பு

மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், அவர் பேச்சை மட்டுமல்ல, கைகால்களையும் கொஞ்சம் கவனியுங்கள். 'ஸ்கிசோஃப்ரினியா' என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய்க்கு 1952-ல் பாரிஸ் நகரத்தில் குளோர்ப்ரோமசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பிறகு, ஆஸ்பத்திரியிலேயே ஆயுள் கழிந்துவிடும் என்றிருந்த பலர் வீடு திரும்ப முடிந்தது. அந்த மட்டில் அது வரம்தான். ஆனால் வரத்தோடு ஒரு வில்லங்கமும் வந்தது.

மூளையில் டோபமின் என்றொரு ரசாயனம் இருக்கிறது. காதில் கேட்கும் பொய்க் குரல்களையும் வீண் சந்தேகத்தையும் அடக்க, மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. நம் அசைவுகளைச் சீராக வைப்பதும் அதே டோபமின்தான்! அங்கேயும் தடை விழுந்தால் உடம்பு தன் இஷ்டத்துக்கு ஆடும். இல்லை, கட்டையாக இறுகும்.

என் கொழுந்தனாருக்கு 24 வயதில் இந்த நோய் வந்தது. ஹாலோபெரிடால் மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகிவிட்டன. "ஐயோ, பிள்ளையை ஏதோ பிடிச்சிடுச்சே" என்று மாமியார் வேப்பிலைக்கு ஓடினார். டாக்டர் போட்ட ஊசியில் அரை மணிக்குள் கழுத்து நேரானது. இளவயது ஆண்களுக்கு இது அதிகம் வருமாம்.

அது பயமுறுத்திவிட்டுப் போய்விட்டது. அடுத்து வந்ததுதான் படுத்தியது. இரண்டு வாரத்தில் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடப்பார். ராத்திரியெல்லாம் கூடத்துக்கும் கொல்லைக்கும் நடை. "முத்திப் போச்சு, டோஸைக் கூட்டச் சொல்லு" என்றார்கள் வீட்டில். நான் அவரையே கேட்டேன். "மனசு நல்லாத்தான் இருக்கு அண்ணி. கால்தான் நிக்க விடமாட்டேங்குது. செத்துடலாம் போல இருக்கு" என்றார். அப்படியே டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அகதீசியா என்று இதற்குப் பெயர், மருந்தால் வருவது என்றார். டோஸைக் கூட்டியிருந்தால் தவிப்பும் கூடியிருக்கும்! அவர் குறைத்தார், கூடவே ப்ரோப்ரனலால் கொடுத்தார். பத்தே நாளில் கொழுந்தனார் உட்கார்ந்து சாப்பிட்டார். இந்தத் தவிப்பு தாங்காமல் மருந்தைத் தூக்கி எறிகிறவர்கள் உண்டு. உயிரையே விட நினைப்பவர்களும் உண்டு. 'அடம்' என்று திட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்களேன்.

சிலருக்கு முகத்தில் சிரிப்பு வற்றி, கை வீசாமல் சின்னச் சின்ன அடியாக நடக்கிறார்கள். விரல் நடுங்கும், எச்சில் ஒழுகும். பாவம், சோம்பேறிப் பட்டமும் கிடைக்கும்.

மாதங்கள், வருஷங்கள் கழித்து வருவது டார்டிவ் டிஸ்கைனீசியா. வெற்றிலை மெல்வதுபோல் வாய் சும்மா அசையும். நாக்கு வெளியே வந்து போகும். வயதானவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அதிகம். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போகாது. அதனால் ஆரம்பத்திலேயே டாக்டரிடம் காட்டவேண்டும். க்ளோசபின் போன்ற மருந்துக்கு மாற்றுவதுண்டு. அதற்குத் தவறாமல் ரத்தப் பரிசோதனை தேவை.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடங்கிய நோய் திரும்பிவிடும். என்றைக்கு மருந்து மாறியது, என்றைக்கு அசைவு ஆரம்பித்தது என்று காலண்டரில் குறித்து வையுங்கள், போதும். ஆனால் உடம்பு இறுகி, கடும் ஜுரமும் புத்தித் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.