தந்தையின் பெருமூச்சே பெயரானது

குடி குடியைக் கெடுக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியன் நான். ஆகவே, இது குடிக்கத் தூண்டும் கட்டுரை அன்று. மண்ணை நம்பி வாழும் ஒரு குடும்பம் பழமையையும் புதுமையையும் எப்படி ஒரே கூரையின் கீழ் வைத்துக் காக்கிறது என்பதையே சொல்ல வருகிறேன்.

இத்தாலியின் வடமேற்கே, பியமோந்தே மாநிலத்தில் பார்பரெஸ்கோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரம் பேர்கூட அங்கு இல்லை. ஊரைச் சுற்றிலும் குன்றுகள். குன்றெங்கும் திராட்சைக் கொடிகள். நெபியோலோ என்னும் கறுப்புத் திராட்சையில் அங்கே செய்யப்படும் மதுவுக்கும் அந்த ஊரின் பெயர்தான். 1859-ஆம் ஆண்டு ஜொவான்னி காயா என்பவர் அங்கே ஒரு மதுச்சாலையைத் தொடங்கினார். இப்போது ஐந்தாம் தலைமுறை அதில் உழைத்து வருகிறது.

அவருடைய பேரன் பெயரும் ஜொவான்னிதான். ஊரின் மேயராகவும் இருந்தவர். 1937-இல் புட்டியின் மேல் ஒட்டும் தாளில் 'காயா' என்ற குடும்பப் பெயரைப் பெரிய சிவப்பு எழுத்துகளில் அச்சிட்டார். சரக்கு மோசமானால் பழி முழுவதும் குடும்பத்தின் மேல் விழும் அல்லவா? துணிந்து செய்த செயல் அது.

<b>மகன் வந்தார்</b>

1961-இல் அவருடைய மகன் ஆஞ்செலோ தொழிலுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அருகிலுள்ள ஆல்பா நகரில் மதுத் தொழிலைப் படித்தவர். முதலில் அவர் கைவைத்தது கொடியில். கவாத்து செய்யும்போது, கொடியில் விட்டுவைக்கும் மொட்டுகளைக் குறைத்தார். குலை குறைந்தால் வருமானம் குறையாதா என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால், கொடியின் சத்து சில குலைகளுக்கே போய்ச் சேர்வதால் பழம் நன்கு பழுத்துச் சாறு கெட்டியாகிறது. அளவைவிடத் தரமே விலை தரும் என்பது அவர் கணக்கு.

அடுத்தது பீப்பாய். அந்தப் பகுதியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய பழைய பீப்பாய்களில் மதுவை வருடக் கணக்கில் வைத்திருப்பது வழக்கம். ஆஞ்செலோ பிரெஞ்சு நாட்டு முறையில் 225 லிட்டர் கொள்ளும் சிறிய ஓக் மரப் பீப்பாய்களைக் கொண்டுவந்தார். ஆனாலும் பெரிய பீப்பாய்களைத் தூக்கி எறியவில்லை. முதல் ஆண்டு சிறியதில், அடுத்த ஆண்டு பெரியதில் என்று இரண்டையும் சேர்த்துக்கொண்டார்.

<b>'அட, பாவமே!'</b>

1978-இல் அவர் செய்த காரியம்தான் தந்தையின் மனத்தைத் தொட்டது. ஊருக்கே உயிரான நெபியோலோவைப் பிடுங்கிவிட்டு, ஒரு நல்ல நிலத்தில் காபர்னே என்னும் பிரெஞ்சு நாட்டுத் திராட்சையை நட்டார். அந்த வழியே போகும்போதெல்லாம் தந்தை, "தார்மாஜி" என்று முணுமுணுப்பாராம். அவ்வூர்ப் பேச்சில் "அட, பாவமே!" என்று பொருள். 1982-ஆம் ஆண்டு அறுவடையில் அந்தத் திராட்சையின் முதல் மது கிடைத்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'தார்மாஜி' என்றே வைத்தார்! தந்தையின் வருத்தத்தை மறைக்காமல் புட்டியின் மேலேயே எழுதிவிட்டார் மகன்.

<b>பிள்ளைகள் திரும்பிய வழி</b>

கதை இதோடு முடியவில்லை. பார்பரெஸ்கோ என்ற பெயரில் விற்க வேண்டுமானால் நெபியோலோ தவிர வேறு திராட்சை கலக்கக் கூடாது என்பது சட்டம். சிறிதளவு வேறு திராட்சை சேர்க்கும் உரிமை வேண்டும் என்று எண்ணிய ஆஞ்செலோ, 1996 அறுவடை முதல் தம் சிறந்த மூன்று தோட்டங்களின் மதுவை அந்தப் பெயரிலிருந்தே விலக்கிக்கொண்டார். ஊர்ப் பெயரைத் துறப்பது சிறிய காரியமா?

அவருடைய இரு மகள்களும் மகனும் தலையெடுத்த பின், 2013 அறுவடை முதல் அம்மூன்றும் மீண்டும் நெபியோலோ மட்டுமே கொண்டு, பார்பரெஸ்கோ என்ற பெயருக்கே திரும்பின. தந்தை மாற்றியதைப் பிள்ளைகள் திருத்தினார்கள். அதற்காகச் சிறிய பீப்பாயைக் கைவிட்டார்களா? இல்லை. வெயில் கூடிவரும் இக்காலத்தில் கொடி வரிசைகளுக்கிடையே புல்லையும் பூச்செடிகளையும் வளரவிட்டு மண்ணைக் காக்கிறார்கள், தேனீக்களும் வளர்க்கிறார்கள். 2015-இல், இன்னும் குளிர்ச்சியான உயரமான இடத்திலும் நிலம் வாங்கினார்கள்.

பழமை என்று நாம் கும்பிடுவதும் ஒரு காலத்தில் புதுமைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் கொடிகளை அழித்தது. அதிலிருந்து, நம் பால்மரக் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதுபோல, அமெரிக்க வேரின் மேல்தான் அங்கே திராட்சையை ஒட்டி வளர்க்கிறார்கள். நெபியோலோவும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலும் அப்பா செய்த வேலையை மகன் வேறு விதமாகச் செய்ய நினைக்கலாம். மகள் வேறு வழி சொல்லலாம். பெரியவர்களே, "பாவமே" என்று முணுமுணுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தடுத்துவிடாதீர்கள். இளையவர்களே, செய்து பாருங்கள். ஆனால், அந்த முணுமுணுப்பை மறந்துவிடாதீர்கள். நாளை உங்கள் பிள்ளைகள் பழைய வழியே நல்லது என்று திரும்பினால், நீங்களும் வழிவிட வேண்டியிருக்கும்.