வயிற்றுத் தழும்பும் அதன் பராமரிப்பும்

உப்பங்கழி சூழ்ந்த கொச்சி நகரின் மட்டாஞ்சேரியில் ஆண்டின் பெரும்பகுதியும் காற்று ஈரம் மிகுந்தே இருக்கும். வயிற்றில் தொங்கும் தோலை அழகு கருதி அறுவையால் நீக்கிக்கொண்டவர்கள் இத்தகைய ஊர்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

இவ்வறுவையில் அடிவயிற்றின் குறுக்கே தோலை அறுத்து, மேலுள்ள தோலைக் கீழே இழுத்துத் தைப்பர். தையல் விளிம்பில் இழுவிசை மிகுந்து, இரத்த ஓட்டமும் குறைவதால், புண் ஆறத் தாமதமாகலாம். புகை பிடிப்போருக்கு இவ்வபாயம் அதிகம். மடிப்புகளில் வியர்வை தேங்கினால் பூஞ்சையும் பற்றும். ஆகவே தோலைக் கழுவித் துடைத்து உலர வைத்தல் முதற்கடமையாகும். மூடாத புண்ணில் எண்ணெயும் பொடியும் இடலாகாது.

புதிய தழும்பு சில மாதங்கள் சிவந்திருப்பது இயல்பே. அது வெளிறி அடங்க ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகும். காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிப்பது மிகைத் தழும்பு. அது நாளடைவில் தணியக்கூடும். எல்லை கடந்து நல்ல தோலிலும் படர்வது கெலாய்டு. இதனை அறுத்தெடுப்பது மட்டும் போதாது, மீண்டும் வளர்வதுண்டு. புண் முற்றும் மூடியபின் சிலிக்கோன் தகட்டை நாள்தோறும் 12 மணி நேரமேனும் பல மாதங்கள் அணிவிப்பர். தேவையானால் டிரையம்சினலோன் ஊசியும் இடுவர்.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, கறுக்கும் தோல், நீர்கோத்த வீக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவரிடம் அனுப்புக. ஆறிய தழும்பில் பல வாரங்களுக்குப் பின் கட்டியோ கசிவோ எழுந்தால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறு நுண்ணுயிர்களும் காரணமாகலாம். வழக்கமான மருந்துகள் இவற்றுக்குப் பெரும்பாலும் பயன்படா. நாணத்தால் தழும்பை மறைப்போரிடம் இதனைப் பரிவுடன் எடுத்துரைத்தல் களப்பணியாளர், ஆசிரியர் ஆகியோரின் கடமையாகும்.